மருத்துவ அறமும் பெருங்கொடையாளரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மருத்துவ உதவி நிதியின் கடிதப் பணியைப் பார்த்துவரும் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் விரும்பியவாறு ஈண்டு வெளியிடப்படுகிறது.)



தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எம்மை, 'பொருள் கொடுப்பாரிடத்து நாம் ஒழுகவேண்டிய முறை' பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். பொருளைப் பற்றிப் பேசுதற்குப் பொருளுடையாரே தக்கவர். யாமோ, திங்களின் முதல் நாளில் வாங்கிய ஊதியத்தை இருபதாம் நாளில் தேடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆயினும், ஒன்பது ஆண்டுகளாக நம் மருத்துவ உதவி நிதிக்குக் கடிதம் எழுதும் பணி எம்பால் இருந்து வருகின்றது. கேட்டுப் பெற்றதும் உண்டு. கேட்டு இழந்ததும் உண்டு. பெற்ற கதையினும் இழந்த கதையே பிறர்க்குப் பயன்படும் ஆதலின், அதனை மறையாது சொல்லக் கருதுகின்றோம்.

நம் நிதி செய்துவரும் பணியை யாவரும் அறிவீர்கள். ஆண்டுக்கு இருமுறை கண்சிகிச்சை முகாம் நடத்துகின்றோம். சிறுநீரகம் பழுதுற்று வாரந்தோறும் டயாலிசிஸுக்குச் செல்வார்க்குப் பயணச் செலவும் மருந்துச் செலவும் தருகின்றோம். ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிச் செல்லும் கூலியாட்கள் மலைப்பாதையில் விபத்துக்குள்ளானால், முதல் வாரச் செலவுக்கு ஒரு தொகை அளிக்கின்றோம். இவை அனைத்தும் நூறு ரூபாயும் ஆயிரம் ரூபாயுமாகப் பலர் தருவதாலும், பெருந்தொகையாக மிகச் சிலர் தருவதாலும் நடைபெறுகின்றன. அம்மிகச் சிலரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதற்கண், மருத்துவ அறத்தில் கொடையாளர்க்கு உரிய இடம் யாது என்று ஆராய்வோம். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால், மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு எனத் தொகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்பன அவை. பொருள் தருவோன் அந்நான்கனுள் இல்லை! ஈகைக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்த பெருமான், மருத்துவத்தில் ஈவோனை மறந்தாரோ எனின், மறந்திலர். அவர் கருத்தை உரையாசிரியராகிய பரிமேலழகர் விளக்கிக் காட்டுகின்றார். நான்கு உறுப்புகளுக்கும் நந்நான்கு இயல்பு கூறும் அவர், நோயுற்றவனுக்கு வேண்டிய இயல்புகளுள் முதலாவதாகப் பொருளுடைமையை வைக்கின்றார்.

அன்பர்களே! இவ்வொரு சொல்லைக் கூர்ந்து நோக்குமின். பொருள் நோயாளிக்கு உரிய இயல்பு. அஃது அவனிடத்து இல்லாதபோது மற்றொருவர் தருகின்றார். தந்த அளவில் அப்பொருள் நோயாளியின் பொருளாகி விடுகின்றது. அவனே தன் கையாற் செலுத்திச் சிகிச்சை பெறுவதற்கு ஒப்பாகின்றது. எனவே, கொடையாளர் நோயாளியின் குறையை நிரப்புகின்றாரேயன்றி, மருத்துவரின் இடத்தில் அமர்கின்றாரல்லர். இக்கருத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டால், கொடையாளரிடத்து எங்ஙனம் பணிவது, எவ்விடத்துப் பணியாது நிற்பது என்னும் இரண்டும் விளங்கும்.

இனி, கணக்கைப் பற்றிச் சில சொல்வோம். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்றைக் குறிக்கின்றது. ஆதுலர்சாலை என்பது மருத்துவமனை. அதன்கண் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர்க்கு இவ்வளவு நெல், அறுவை செய்வார்க்கு இவ்வளவு, மூலிகை கொணர்வார்க்கு இவ்வளவு, நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கு இவ்வளவு, இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் இவ்வளவு என ஒவ்வொன்றும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் ஆங்குப் பயின்ற மாணாக்கர்க்கும் உரியதாக இருந்தது. ஆதலின், யார்க்கு உதவுவது என்பதில் அது நமக்கு முன்மாதிரி அன்று. கொடுத்த பொருள் சென்ற வழியை எங்ஙனம் காட்டுவது என்பதிலோ அதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை. ஒரு விளக்கின் எண்ணெயைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தவர் நம் முன்னோர்.

கல்லில் வெட்டிய மரபில் வந்த யாம், தாளில் எழுதவும் மறந்த கதையை இனிக் கேளுங்கள்.

போடியில் ஏலக்காய் வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நம் கண்சிகிச்சை முகாமின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். அவருடைய தாயார் கண்ணில் புரை வளர்ந்து, இறுதிக் காலத்தில் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கையால் தடவியே அறிந்து, அவ்வாறே மறைந்தவர். அந்நினைவினாற் செய்த அறம் அது. நான்காம் ஆண்டு வழக்கம்போலக் கடிதம் எழுதினோம், விடை இல்லை. மீண்டும் எழுதினோம், இல்லை. பின்னர் நேரிற் சென்றோம்.

கடையில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார். எம்மை அன்போடு இருத்திக் காப்பி வருவித்துக் கொடுத்தார். பின்பு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து எம்முன் வைத்தார். அதில் ஐந்து கடிதங்கள். ஐந்தும் எம் கையெழுத்து. அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே சொல்வோம்: "வாத்தியாரையா, உங்க தமிழ் நல்லாத்தான் இருக்கு. அஞ்சு கடுதாசியிலயும் என்னை வள்ளல்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுலயாவது எத்தனை பேருக்குக் கண்ணு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களா?"

யாம் வாய் திறவாது இருந்தோம். ஐந்து கடிதத்திலும் பாரியும் உண்டு, ஓரியும் உண்டு. கண் பெற்ற ஒருவரேனும் இல்லை. மூன்று ஆண்டில் எத்தனை பேர் அறுவை பெற்றனர் என்பதை அன்று அவர் வினவியபோது எமக்கே தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் அஃது இருந்தது; கேட்டுப் பெறும் முயற்சியை யாம் மேற்கொள்ளவில்லை. மறுநாள் சென்று கேட்டோம். மூன்று முகாம்களின் கணக்கும் இரண்டு பக்கத்தில் அடங்கிற்று. எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுதே ஆயிற்று. அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் விரல் வைத்துப் படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். அவ்வாண்டு அவர் ஒன்றும் தரவில்லை. அடுத்த ஆண்டு தந்தார். முன்பு தந்ததிற் பாதி. மற்றைப் பாதி, நாம் இழந்த நம்பிக்கையின் விலை என்று கொண்டோம்.

பெருங்கொடையாளர் புகழை விரும்பிக் கொடுக்கின்றார் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு மாலையும் பொன்னாடையும் வாங்குகின்றோம். அவருட் பலர் விரும்புவது செய்தி. 'நான் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?' என்னும் ஐயம் தீராதவரை, எத்துணை மாலையும் அவர் கழுத்துக்குச் சுமையே.

நிற்க. நம் தேனி நகரிலேயே இதற்கு நல்லதொரு பாடம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இப்பள்ளத்தாக்கில் இல்லை. அதனைத் தோற்றுவித்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண்ணறுவை பயின்று தேர்ந்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கையுடன் தொடங்கினார். அன்று அவர்க்குப் பெருங்கொடையாளர் எவரும் இலர். வீட்டை அடமானம் வைத்தும், குடும்பத்தார் நகைகளை ஈடுவைத்துமே பணி வளர்ந்தது. கட்டணம் செலுத்துவோர் தரும் பொருளின் மிச்சத்தைக் கொண்டு செலுத்த இயலாதார்க்குச் சிகிச்சை செய்வது என்பது அங்கே வகுத்த முறை. இருசாரார்க்கும் அறுவை செய்வோர் அதே மருத்துவர்களே. 1985இல் தேனியிலும் ஒரு மருத்துவமனை எழுந்தது.

அவர்கள் கொடையாளரைக் கொண்ட முறையைக் கவனியுங்கள். ஓர் ஊரில் முகாம் நடத்த விரும்பும் செல்வரோ, ஆலையோ, கோயிலாரோ, அரிமா சங்கமோ, சுழற்சங்கமோ வந்தால், 'பணத்தை வைத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்வதில்லை. இடம் பிடித்தல், சுற்றுப்பட்டி ஊர்களில் அறிவித்தல், தொண்டர் சேர்த்தல், வருவோர்க்கு உணவும் நிழலும் அமைத்தல் ஆகியவற்றை அவர்பால் ஒப்படைக்கின்றனர். மருத்துவரை அனுப்பிச் சோதிப்பதும், அறுவை வேண்டுவோரை அழைத்துச் சென்று சிகிச்சை செய்து திரும்பக் கொணர்ந்து விடுவதும் மருத்துவமனையின் பொறுப்பு. அறுவை முடிந்த கிழவி பேருந்திலிருந்து இறங்கும்போது, முகாம் நடத்தியவர் எதிரே நிற்கின்றார். தன் கொடை போய்ச் சேர்ந்ததா என்று அவர் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. அங்ஙனம் ஒருமுறை நின்றவர் மறுமுறை தாமே வருகின்றார்.

வெளிநாட்டுக் கொடையாளரிடத்தும் இவ்வாறே. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை முன்னாளில் அயல்நாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை 100 டாலருக்கு மேற்பட்டது. அன்பர்கள் அனுப்பிய நன்கொடை வில்லைகள் ஏழையர் அனைவர்க்கும் எவ்வாறு போதும்? சேவா அறக்கட்டளை முதலிய நண்பர் துணையோடு, அவ்வில்லையை மதுரையிலேயே செய்யும் ஆரோலேப் 1992இல் நிறுவப்பட்டது. விலை 10 டாலர் அளவிற்கு இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. வில்லையைத் தந்த கை, வில்லை செய்யும் ஆற்றலையும் தந்தது. அடுத்த ஆண்டும் கையேந்த வேண்டாதபடி கொடுப்பதே கொடைகளுள் தலையாயது. 'இவ்வாண்டு எவ்வளவு தருவீர்கள்?' என்று கேட்பதினும், 'எதைத் தந்தால் இத்தேவையே ஒழியும்?' என்று கொடையாளரோடு கூடியிருந்து எண்ணுவது மேல்.

கொடையாளர் வினாத் தொடுத்தால் நம்மிற் சிலர்க்கு முகம் சுருங்குகின்றது. 'நம்பாதவர் ஏன் கொடுக்கவேண்டும்?' என்கின்றனர். அவர்கள் வேலூரின் வரலாற்றை அறிதல் நன்று. அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர், தம் தந்தையார் மருத்துவப் பணி செய்த திண்டிவனத்தில் இளமையில் இருந்தபோது, ஓர் இரவில் மூவர் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியர்க்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், ஒருவர் வேறொரு இந்து வகுப்பினர். ஆண் மருத்துவரை மூவரும் ஏலாமையால் மூன்று பெண்டிரும் மாண்டனர். அத்துயரால் அப்பெண்மணி மருத்துவம் கற்றார். பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டுமாறு பணிக்கப்பட்டு, 1899இல் நியூயார்க்கில் வீடுதோறும் அலைந்தார். ஷெல் என்னும் முதியவர், வங்கித் தொழிலர், அவரை அழைத்துப் பல வினாக்களை வினவி, நிறைவுற்ற பின் 10,000 டாலர் தந்தார். மறைந்த தம் மனைவி மேரி டேபரின் பெயர் வைக்கவேண்டும் என்றார். 1902இல் வேலூரில் அப்பெயரோடு மருத்துவமனை எழுந்தது. பெயர் வைக்கப்பட்டது, வாயில் எல்லா வகுப்புப் பெண்டிர்க்கும் திறந்திருந்தது. வினவியதும் பெயர் வேண்டியதும் குற்றமல்ல என்பதற்கும், பெயர் வேறு வாயில் வேறு என்பதற்கும் இஃது ஒன்றே சான்று.

உண்மை உரைத்தலைப் பற்றியும் ஒன்று சொல்வோம். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பு 1971இல் பாரிசில் தோன்றி, போரும் கொள்ளைநோயும் உள்ள நாடுகளிற் பணிபுரிவது. 1999இல் நோபெல் அமைதிப் பரிசு பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாகப்பட்டினத்தையும் இலங்கையையும் பிற நாடுகளையும் அழித்தபோது, உலகெங்கும் மக்கள் அள்ளிக் கொடுத்தனர். ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துள், அவ்வமைப்பு, 'ஆழிப்பேரலைப் பணிக்கு எமக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. இனி அதற்கெனத் தரவேண்டா' என்று அறிவித்தது. முன்னரே தந்தவர்களை அணுகி, எஞ்சியதை வேறு துன்பங்களுக்குச் செலவிட இசைவு கேட்டது. பெரும்பாலோர் இசைந்தனர், திருப்பிக் கேட்டவர் மிகச் சிலரே. வருகின்ற பணத்தை வேண்டா என்பவனை உலகம் பித்தன் என்னும். ஆனால், அங்ஙனம் ஒருமுறை சொன்னவன் மறுமுறை 'வேண்டும்' என்றால், உலகம் நம்பும்.

அவ்வமைப்பே 2016இல், ஏதிலியரைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்பும் உடன்பாட்டைக் கண்டித்து, ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பு அரசுகளும் தரும் நிதியை இனிப் பெறுவதில்லை என்று மறுத்தது. தரும் கையின் செயல், சிகிச்சை பெறுவோரின் நலத்திற்கு மாறாயின் அக்கையை விடுவது என்பது அவர்கள் கொள்கை. பல நாடுகளில் எளிய மக்கள் பலர் சிறுகச் சிறுகத் தருவதே அதற்கு முதன்மையான வருவாய் ஆதலின், அவர்களால் மறுக்க இயன்றது. இதுவும் நாம் புதிதாகக் கற்கவேண்டுவதன்று. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என நம் வணிகப் பெருமக்கள் எடுத்துவைத்த மகமை யாது? எவர்க்கும் சுமையாகாமல் எல்லார்பாலும் சேர்ந்தமையால், எவரும் அதற்குத் தனியுரிமை கொண்டாடவில்லை. பல வேர் ஊன்றிய ஆலமரம் காற்றுக்கு அஞ்சாது.

அன்பர்களே! இதுகாறும் கூறியவை எல்லாம், இனிக் கூறப்போவதற்கு முன்னுரை என்று கொள்ளுங்கள். சென்ற திங்கள் நம் நிதிக்கு ஒரு கடிதம் வந்தது. செயற்குழுவினர் இசைவு பெற்றே இதனை வெளியிடுகின்றோம். நம்மவர் ஒருவர், இப்பள்ளத்தாக்கிற் பிறந்து, தொலைவிலுள்ள நகரமொன்றில் உழைத்துப் பெரும்பொருள் ஈட்டியவர். நம் நிதி நான்கு ஆண்டுகளிற் செலவிடுவதினும் மிகுந்த தொகையைத் தருவதாக எழுதியுள்ளார். நிபந்தனை மூன்று. ஒன்று: தம் தந்தையார் பெயரை அப்பணிக்கு இடுதல். இரண்டு: ஆண்டுதோறும் தணிக்கையாளர் ஒப்பிய கணக்கைத் தமக்கு அனுப்புதல். மூன்று: அப்பொருளாற் பயன்பெறுவோர் நம் இனத்தவராகவே இருத்தல்.

முதலிரண்டும் அவர் கேளாமலே நாம் செய்யக் கடவன. மூன்றாவதே நம்முன் நிற்கும் வினா.

அக்கடிதத்தை இழிவாக எண்ணாதீர்கள். அதில் ஒரு பத்தி உண்டு. அவர் தந்தையார் சிறுவனாக இருந்தபோது, காய்ச்சல் கண்டு தம் தந்தையின் தோளில் ஓர் ஊர் வைத்தியரிடம் சென்றாராம். அவர்கள் இன்ன சாதி என்று கேட்டறிந்த பின், வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கவைத்து, மருந்துப் பொட்டலத்தை எறிந்தார்களாம். 'அன்று நமக்கு யாரும் இல்லை. இன்று நம் பணம் நமக்கு இருக்கட்டும்' என்று எழுதியிருக்கின்றார். இக்கூட்டத்திலுள்ள முதியோர் பலர்க்கு இது புதிய செய்தி அன்று. அவர் எழுத்தில் செருக்கு இல்லை. ஆறாத புண் உளது.

அப்புண்ணை ஆற்றும் வழி யாது என்பதே யாம் உங்கள்பால் கேட்பது. அன்று அச்சிறுவனைச் சுட்டது காய்ச்சலா? காய்ச்சல் மூன்று நாளில் தணிந்திருக்கும். மூன்று தலைமுறையாகச் சுடுவது, மருந்து கொடுக்குமுன் கேட்ட அக்கேள்வி. நோயோடு வந்தவனை 'நீ யார்?' என்று கேட்ட அவ்வாசலை, அச்சிறுவன் பெயரால் நாமும் கட்டுவதோ? முகாமில் நோயாளியின் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெயர், வயது, ஊர், எந்தக் கண் என்பன அதில் உள. புதிதாக ஒரு கட்டம் வரைந்து, 'இவர் யார் வீட்டுப் பிள்ளை?' என்று எழுதுவதாயின், அக்கட்டத்தை நிரப்புவது எம் வேலையாகும். வரிசையில் நிற்கும் கிழவரை நோக்கி அதனைக் கேட்க எமக்கு நா எழாது.

'நம்முள் ஏழையர் இல்லையா? அவர்க்கே போதாதபோது பிறர்க்கு ஏன்?' என வினவுவீராயின், அது நேர்மையான வினாவே. நம்முள் ஏழையர் மிகப் பலர். அவர்கள் வரிசையில் நிற்பதை யார் தடுத்தார்? மிக்க துன்பம் உடையவர்க்கு முதலில் என்பதே விதியாயின், அவ்விதி நம் ஏழையையும் காக்கும். சங்கம் தோன்றிய நாளில் நம் முன்னோர் மகமைப் பணத்தால் எழுப்பிய பள்ளியில் இன்று எவ்வகுப்புப் பிள்ளையும் கற்கின்றது. அதனால் நம் பிள்ளைகளுக்குக் கல்வி குறைந்ததா? பள்ளியின் பெருமை வளர்ந்தது. சங்கத்தின் மதிப்பும் வளர்ந்தது. ஒரு சாதிக்கு மட்டும் என்று பொறித்த அறநிலையத்திற்கு வருமான வரிச் சலுகை பொதுவாக மறுக்கப்படுவது என்பதையும், பிற்பட்டோர் முதலிய சிலர்க்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் தணிக்கையாளர் உங்களுக்கு விளக்குவர். விலக்கைத் தேடுவது அவர் தொழில்; யாம் சொல்வது அறம்.

நம் நிலத்திலிருந்தே ஓர் உவமை சொல்வோம். 1895இல் பென்னிகுவிக் துரை முல்லைப் பெரியாற்றில் அணையை முடித்து, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பினார். அதனால் கூடலூர் தொடங்கி இப்பள்ளத்தாக்கு இருபோகம் விளைகின்றது. அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் இன்றும் நம் மக்கள் பொங்கலிட்டு வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகின்றனர். அந்நீரில் இன்னார் வயலுக்குப் பாய்க, இன்னார் வயலைக் கடந்து போக என்று அவர் பெயரால் எழுதிய ஓலை ஏதேனும் உண்டா? மடையில் நின்று ஆள் பார்த்துத் திறந்திருப்பாராயின், அந்நாளை இன்று யார் நினைப்பார்?

எனவே, யாம் முன்வைக்கும் விதி இது. எந்த நோய்க்கு, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பன கொடையாளர் தெரிந்துகொள்ளத் தக்கவை. அவர் விருப்பத்தை நாம் மதித்து, மாறாது நிறைவேற்றக் கடவோம். எந்த நோயாளிக்கு என்பதோ மருத்துவர் மட்டுமே நோயின் தன்மை நோக்கித் தெரிய வேண்டுவது. இவ்வெல்லையை ஒருமுறை தளர்த்தினால், அடுத்த கொடையாளர் தம் உறவினரை வரிசையில் முன்னே நிறுத்தச் சொல்வார். நான்கு ஆண்டுச் செலவை ஒரே நாளில் தருபவர்க்கு இல்லையென்று சொல்லாத நாம், அதன்பின் யார்க்கு இல்லையென்போம்?

இதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அவர் மனம் வருந்தி விலகினால், தை பிறக்குமுன் நம் டயாலிசிஸ் உதவி நின்றுபோகும் நிலையில் நிதி உளது. அவ்வுதவியைப் பெறுவோர் பெயரை யாம் அறிவோம். வாரந்தோறும் அவர்கள் பயணச் சீட்டை ஒட்டிக் கணக்கு எழுதுபவர் யாமே. ஆதலின் இம்மறுப்பை எளிதாகச் சொல்கின்றோம் அல்லோம்.

அதனால்தான், கடிதத்தால் விடை எழுதவேண்டா என்று வேண்டுகின்றோம். ஐந்து கடிதம் எழுதிக் கெட்டவர் சொல்வதை ஏற்பீராக. சங்கத்தின் மூத்தவர் இருவரும், கணக்கோடு யாமும் நேரிற் செல்வோம். முதலில் அவர் தந்தையார் கதையை அவர் வாயாற் கேட்போம். பின்பு நம் கணக்கைக் காட்டுவோம்; முடிந்ததையும், தவறியதையும் காட்டுவோம். தந்தையார் பெயரை டயாலிசிஸ் உதவிக்கே இடுவதாகச் சொல்வோம். அடுத்த முகாமிற்கு வந்து வாயிலில் நின்று, வருவோர்க்கு முதல் அட்டையைத் தம் கையால் வழங்குமாறு அழைப்போம். 'உங்கள் தந்தையாரை வெளியே நிறுத்திய அவ்வாசலுக்கு மறுமொழியாக, எவரையும் வெளியே நிறுத்தாத ஒரு வாசலுக்கு அவர் பெயரை வைக்க வந்தோம்' என்று சொல்வோம். அதன்பின்னும் அவர் இசையாராயின், நன்றி கூறித் திரும்புவோம். அவர் நம் உறவினர் அல்லாமற் போகார். மறு ஆண்டும் நம் கணக்கு அவர்க்குச் செல்லும்.

இறுதியாக, நிதியின் நடைமுறைக்குச் சில வரையறைகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கின்றோம். கொடை வந்த ஏழு நாளுக்குள் பற்றுச்சீட்டும், தலைவர் கையொப்பமிட்ட நன்றிக் கடிதமும் செல்லவேண்டும். முகாம் முடிந்து ஒரு திங்களுக்குள், சோதிக்கப்பட்டோர், அறுவை பெற்றோர், ஊர்கள், செலவு, மிச்சம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு பக்கக் குறிப்பு, பெருங்கொடையாளர்க்கும் நூறு ரூபாய் தந்தவர்க்கும் ஒரே வாசகத்திற் செல்லவேண்டும். நோயாளியின் பெயரும் படமும் அவர் இசைவின்றி எக்குறிப்பிலும் வரலாகாது. உதவி பெற்றவனை மேடையேற்றிக் கும்பிடச் செய்தல் அறவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஒன்றும் கேளாமல் கொடையாளரை நேரிற் காணவேண்டும். ஏதேனும் பணி தவறினால், பிறர் சொல்லி அவர் அறியுமுன் நாமே சொல்லவேண்டும். ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஒருவர் கொடையைச் சார்ந்திருத்தல் ஆகாது. மிகுதியை வைப்பாக்கிப் பின்னாண்டுகளுக்கு வகுக்கவேண்டும்.

வரிச்சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரலாகாது என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிடவேண்டும். கடல்கடந்து வாழும் உறவினருள் இந்தியக் குடியுரிமை உடையவர் வங்கி வழியாகத் தருவது வேறு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது வேறு. பின்னதைப் பெறுதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மைய அரசின் அனுமதி வேண்டும். அதனைப் பெறாத நிலையில், அன்போடு வரும் பணத்தையும் அன்போடு மறுத்தலே முறை.

அன்பர்களே! போடிப் பெரியவரின் கோப்பில் இன்று எம் கடிதங்கள் பன்னிரண்டு உள. முதல் ஐந்தையும் அவர் கிழித்தெறியவில்லை. 'அதுவும் இருக்கட்டும் வாத்தியாரையா' என்று சிரிக்கின்றார். பின்னைய ஏழில் வள்ளல் என்னும் சொல் இல்லை. ஊர்ப் பெயர்களும் எண்களும் மட்டுமே உள. சென்ற ஆண்டு முதல் அவர் தம் பழைய தொகையை முழுமையாகத் தந்து வருகின்றார். அவர் நமக்குக் கற்பித்ததை, தொலைவிலுள்ள அவ்வுறவினரிடத்தும் நாம் கடைப்பிடிப்போமாக. அடுத்த திங்கள் செயற்குழுவில் இவ்வினா முடிவிற்கு வரும்போது, வாக்களிக்கும் ஒவ்வொருவரும், வெயிலில் நின்ற அச்சிறுவனை ஒருகணம் நினைந்து வாக்களிக்குமாறு வேண்டி அமைகின்றோம்.